பெயர், முகவரி, இரண்டு நிமிடம்

மில்வாக்கியில் நவம்பர்.
பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நூற்றிருபது மடக்கு நாற்காலிகள், பாதி ஈரமான கோட்டுகள்.
நான் நகராட்சியின் குறிப்பெழுத்தர்.
சொன்னதை எழுதுவது என் வேலை.
சொல்லும்போது தொண்டை அடைத்ததை அல்ல.

விஷயம் இதுதான்:
மூடிப்போன மளிகைக் கடையின் வாகன நிறுத்தத்தில்
அறுபத்துநான்கு வீடுகள்.
வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும்.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
ஆதரவு, எதிர்ப்பு.

முதலில் ஜெனான் ஷிமான்ஸ்கி.
"வேண்டாம் என்று சொல்லவில்லை,
இங்கே வேண்டாம் என்கிறேன்.
முப்பத்தோரு வருஷம் வார்ப்பாலையில் வெந்து வாங்கிய வீடு.
அது வீடு மட்டுமில்லை, என் ஓய்வூதியம்.
விலை விழுந்தால் விழுவது நான்."
அடைப்புக்குறிக்குள் எழுதினேன்: கைதட்டல்.

அவர் தெரு எனக்குத் தெரியும்.
மர வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி
அடியில் செங்கல் சுவர் எழுப்பி
பாதி மண்ணுக்குள் ஓர் அறை இறக்கி
நேற்றுக் கப்பலில் வந்தவனுக்கு
இன்று வாடகைக்கு விட்ட தெரு.
ஒண்ட வந்தவர்கள் ஊரைக் கெடுப்பார்கள் என்று
அப்போதும் ஒருவர் எழுந்து பேசியிருப்பார்.
அந்தக் குறிப்பேடு எந்த அலமாரியில் இருக்கிறதோ.

பீட்ரிஸ் ஹாலோரன் சதவீதங்களோடு வந்தாள்.
விலை விழாது, ஏறத்தான் செய்யும் என்று
வரைபடம் காட்டினாள்.
"ஏறினால் நாங்கள் எங்கே போவது?" என்றது
வாடகைக்காரர்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசை.
அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

வெர்டெல் டப்ஸ் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.
"வேறோர் ஊரில், பத்தாவது மாடியில் வளர்ந்தவள் நான்.
இல்லாதவர்கள் மேல் இல்லாதவர்களை அடுக்கிக் கட்டினார்கள்.
லிஃப்ட் நின்றது. ஏழு வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
வெடிவைத்து இடித்த அன்றுதான் வந்தார்கள்,
நாற்காலி போட்டு, குடை பிடித்து.
எத்தனை வீடு என்று கேட்காதீர்கள்.
லிஃப்ட் நின்றால் யாரைக் கூப்பிடுவது,
அந்த ஆளின் பெயரை இப்போதே சொல்லுங்கள்."
போகும்போது இரண்டு கட்டத்திலும் குறியிட்டுக் கொடுத்தார்.

பிறகு, முதியோர் இல்லத்துச் சீருடையில் ஒருத்தி.
இரவுப் பணிக்கு நேரமாகிறது என்று கதவையே பார்த்தாள்.
மார்னி டெஸ்ஜார்லே.
"முகவரி?"
"அந்த வாகன நிறுத்தம்தான்.
விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது கோடு.
சாம்பல் நிற வேன். நானும் என் பையனும்."

தலைவர் தண்ணீர் குடித்தார்.

"கட்டுங்கள். பட்டியலில் என் பெயரும் இருக்கிறது,
நானூற்றுப் பன்னிரண்டாவதாக.
ஒன்றுதான் தெரிய வேண்டும்:
நீங்கள் கட்டுகிற இரண்டு வருஷம்
வண்டியை எங்கே நிறுத்துவது?"

மீதி ஒரு நிமிடம் பத்து நொடியை
அவள் பேசவில்லை. பதிலுக்காக நின்றாள்.
கடிகாரம் சிவந்தது.
நன்றி, அடுத்தவர்.

நாற்காலிகள் மடங்கும் சத்தத்துக்கு நடுவே
ஷிமான்ஸ்கி தொப்பியைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"கீழறை சும்மாதான் கிடக்கிறது.
ஈரம் ஊறும். வெந்நீர்க் குழாய் ஒழுகும்."
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.
அவள் போய்விட்டிருந்தாள்.
மைக்கில் விழாதது குறிப்பில் ஏறாது, விதி அப்படி.

எல்லாரும் போனபின் தட்டச்சு செய்தேன்.
முகவரி இல்லாமல் எந்தப் பெயரையும்
கணினி சேமிக்காது.
யோசித்து, அந்த மனையின் எண்ணைப் போட்டேன்.
'இந்த எண் ஏற்கெனவே பதிவில் உள்ளது,
தொடரவா?' என்றது.
தொடர் என்றேன்.

அடுத்து, ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டது.
காவலாளி பாதி விளக்குகளை அணைத்துவிட்டான்.
வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது.